அப்பாவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடலாமா?

இந்த முறை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில் எழுதுகிறேன். நீளமான கடிதம் அது. படித்துவிட்டு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 41 வயது. அவருடைய அப்பாவுக்கு 67. மூன்று வருடத்துக்கு முன்பு மாரடைப்பு வந்ததில் இதயத் தசை பலவீனமாகிவிட்டது. ரத்தத்தைப் போதுமான அளவு வெளியே தள்ள முடியாத இந்த நிலையைத்தான் ஹார்ட் ஃபெயிலியர் என்று டாக்டர்கள் சொல்வார்கள். சர்க்கரை நோயும் உண்டு. இதயத்துக்கு மட்டும் நான்கு வகை மாத்திரை சாப்பிடுகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலம் கால் லேசாக வீங்குகிறது. மற்றபடி தன் மாத்திரையைத் தானே நேரம் பார்த்துச் சாப்பிட்டு, வீட்டு வரவு செலவையும் தானே பார்த்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். போன மாதம் செக்கப்புக்குப் போனபோது, ஒரு புது மாத்திரையை வைத்து நடக்கும் மூன்றாம் கட்ட ஆய்வில் சேர விருப்பமா என்று அவருடைய இதய மருத்துவர் கேட்டிருக்கிறார். 24 பக்க ஒப்புதல் படிவத்தைக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது பதில் சொன்னால் போதும் என்றிருக்கிறார். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "புது மருந்து, அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது, யோசிக்க என்ன இருக்கிறது" என்கிறார் தம்பி. "மாமாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார் கணவர். வாசகி இணையத்தில் தேடிப் படித்திருக்கிறார். சுண்டெலிகளின் பழுதான இதயத்தை அந்த மருந்து தேற்றியிருக்கிறது. மனிதர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், இதயத்தின் சிரமத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது. அதனால் அவருக்கும் ஆசைதான். ஆனால் படிவத்தில் மூன்று விஷயங்கள் அவரைத் தூங்க விடவில்லை. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை தருவார்கள். நான்கு பக்கத்துக்குப் பக்கவிளைவுகள். எடுக்கும் ரத்தத்தை 15 ஆண்டு சேமித்து வைத்து மரபணு ஆய்வும் செய்வார்கள்.

கடைசிப் பத்தியை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்: "அப்பா பயந்த சுபாவம். அந்தப் பட்டியலைப் பார்த்தால் அவருக்குத் தூக்கமே போய்விடும். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறார். நானே எல்லாவற்றையும் படித்து முடிவெடுத்து, அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டுவிடலாமா? வேண்டாம் என்று சொன்னால் டாக்டர் மனதில் வைத்துக்கொண்டு அப்பாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவாரோ?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்பாவுக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. நினைவில்லாமல் கிடப்பவர், மறதி நோய் முற்றியவர், சிறு குழந்தை போன்றவர்களால் தாங்களே முடிவெடுக்க முடியாது. அவர்களுக்குத்தான் குடும்பத்தார் ஒப்புதல் தரும் ஏற்பாடு இருக்கிறது. வரவு செலவைப் பார்க்கிற உங்கள் அப்பா அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் இடத்தில் வேறு யார் போட்டாலும் அது ஒப்புதல் ஆகாது, ஒழுங்கான ஆய்வுக் குழு அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யாது.

உங்கள் கடிதத்தில் தம்பி என்ன நினைக்கிறார், கணவர் என்ன நினைக்கிறார், நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. மாத்திரையை விழுங்கப் போகிறவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்மேல் இருக்கும் பாசத்தால் அப்படி ஆகியிருக்கிறது, புரிகிறது. ஆனால் இந்த விதி எப்படி வந்தது என்று தெரிந்தால் நீங்களே விலகி அவருக்கு வழிவிடுவீர்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜி மருத்துவர்கள் கைதிகளின் உடலில் செய்த கொடூரங்களை விசாரித்த நீதிமன்றம், 1947இல் நியூரம்பர்க் நெறிகள் என்ற பத்து விதிகளைச் சொன்னது. ஆய்வுக்கு உட்படுபவர் தானாக விரும்பித் தரும் ஒப்புதல் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்பதுதான் அதில் முதல் விதி. அதற்குப் பிறகும் அநியாயம் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற இடத்தில் சிபிலிஸ் நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களிடம் "ரத்தம் கெட்டிருக்கிறது" என்று மட்டும் சொல்லி, நோய் எப்படி முற்றுகிறது என்று 1932இலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். நோயைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. செய்தி வெளியே வந்து 1972இல்தான் அது நின்றது. அந்த மனிதர்களும் டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியவர்கள்தான்.

அதனால் உங்கள் கணவர் "சோதனை எலி" என்று சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று, எலிக்கு யாரும் 24 பக்கம் படிக்கக் கொடுப்பதில்லை. வேண்டாம் என்று சொல்லவோ, பாதியில் எழுந்து போகவோ எலியால் முடியாது. அப்பாவால் முடியும். அந்த உரிமை அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அதைப் போட்டுவிட்டால், அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரிடமிருந்து அதைப் பிடுங்கியதாக ஆகிவிடும்.

பட்டியலை மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், உதடு வீங்கலாம், சிறுநீர் குறையலாம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் அப்படி ஏதாவது வரும்போது உடனே சொல்வார். தெரியாவிட்டால் "வயசானால் இதெல்லாம் வரும்" என்று சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயந்த சுபாவம் உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

எலியின் இதயமும் அப்பாவின் இதயமும்

இப்போது தம்பியின் பேச்சுக்கு வருகிறேன். அந்த மருந்து நல்லது என்று தெரிந்திருந்தால் இந்த ஆய்வையே நடத்தியிருக்க மாட்டார்கள், நடத்தவும் கூடாது. பாதிப் பேருக்கு மருந்தையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் தருவது நியாயமாக இருக்க ஒரே காரணம், எது நல்லது என்று இன்றைக்கு யாருக்குமே தெரியாது என்பதுதான். உங்கள் டாக்டருக்கும் தெரியாது, மருந்தைத் தயாரித்தவர்களுக்கும் தெரியாது. அவர்களுக்கு நம்பிக்கை இருக்கலாம். நம்பிக்கை வேறு, தெரிவது வேறு.

எலியில் வேலை செய்ததே என்பீர்கள். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும், அப்பாவுடையது 70 முறை. ஆய்வகத்து எலிகள் எல்லாம் ஒரே வம்சம், ஒரே வயது, ஒரே தீனி. ஆரோக்கியமாக இருந்த எலிக்கு ஒரு ரத்தக்குழாயைக் கட்டி இதயத்தைப் பழுதாக்கி, உடனே மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். அப்பாவின் இதயம் மூன்று வருடமாகத் தழும்போடு உழைத்துக்கொண்டிருக்கிறது. கூடவே சர்க்கரை, நான்கு மாத்திரை, 67 வருட வாழ்க்கை. எலி ஆய்வு இல்லாமல் மருத்துவம் முன்னேறியிருக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் திசையில் தேடலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆய்வகத்தைத் தாண்டி மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்கு வரும் மருந்துகளிலேயே ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது.

ரத்தத்தில் அளவு குறைந்தது என்பது இன்னும் வசீகரமான விஷயம். படித்த டாக்டர்களே அதில் ஏமாந்திருக்கிறார்கள், அதுவும் இதய மருத்துவத்திலேயே. மாரடைப்புக்குப் பிறகு சிலருக்கு இதயத் துடிப்பு இடையிடையே தாளம் தப்பும். அப்படித் தப்புகிறவர்கள் திடீரென்று இறந்துபோவது அதிகம் என்று தெரிந்திருந்தது. தாளத்தைச் சரி செய்ய என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு என்ற மருந்துகள் இருந்தன. இசிஜி எடுத்துப் பார்த்தால் துடிப்பு அழகாகச் சீராகியிருக்கும். அதனால் உயிரும் பிழைக்கும் என்று நம்பி ஏராளமானவர்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு ஒரு குழு வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். இசிஜி சீரானது, ஆட்கள் இறந்தார்கள். முழு விவரம் 1991இல் வெளிவந்தது.

அதே வருடம் இன்னொன்று. மில்ரினோன் என்ற மருந்து பலவீனமான இதயத்தை வலுவாகச் சுருங்க வைக்கும். ஹார்ட் ஃபெயிலியர் முற்றிய 1,088 பேரிடம் அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களிடையே இறப்பு 28 சதவீதம் அதிகமாக இருந்தது. களைத்த குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட வைத்த மாதிரி. மற்ற துறைகளிலும் இதே கதைதான். பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று நினைத்து, புகைபிடிக்கும் 29,000 பின்லாந்து ஆண்களிடம் நடத்திய ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது 1994இல் தெரியவந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ வேண்டவே வேண்டாம்" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. அப்பா சாப்பிடும் நான்கில் ஒன்று பீட்டா பிளாக்கர் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மாணவனாக இருந்த காலத்தில், பலவீனமான இதயத்துக்கு அதைக் கொடுப்பது பெரிய தப்பு என்றுதான் பாடம். இதயத்தை மெதுவாக்கும் மருந்தாயிற்றே. 1970களில் ஸ்வீடனில் சில மருத்துவர்கள் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள், பலர் நம்பவில்லை. கடைசியில் 2,647 பேரிடம் அந்த வகையைச் சேர்ந்த பிசோப்ரோலால் என்ற மாத்திரையைச் சோதித்த ஆய்வின் முடிவு 1999இல் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.3 சதவீதம் பேரும், மருந்து சாப்பிட்டவர்களில் 11.8 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். முன்பின் தெரியாத அந்த 2,647 பேர் சம்மதித்ததால்தான் அந்த வகை மாத்திரை இன்று உங்கள் அப்பாவின் மருந்துப் பெட்டியில் இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரைதான் கிடைத்தது.

ஆகவே அப்பாவிடம் டாக்டர் கேட்பது ஓர் உதவி. மருந்துச் சீட்டு எழுதும்போது டாக்டர் அப்பாவை மட்டும் மனதில் வைத்து எழுதுகிறார், ஒத்துவராவிட்டால் மாற்றிக் கொடுக்கிறார். ஆய்வில் அப்படி இல்லை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, அளவு முன்பே எழுதி வைத்த திட்டத்தின்படி போகிறது, எடுக்கும் ரத்தத்தில் கொஞ்சம் அப்பாவின் சிகிச்சைக்குத் தேவையே இல்லாதது. அதனால் அப்பாவுக்கு நன்மை வரலாம், வராமலும் போகலாம். இது தெரிந்து ஒருவர் சரி என்றால் அது நல்ல சம்மதம். இதைச் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு சரி என்றால், பின்னால் ஏமாந்துவிட்டோம் என்ற கசப்புதான் மிஞ்சும்.

வெற்று மாத்திரை என்றால் வெறுங்கையா?

"அந்தப் பாதியில் அப்பா விழுந்துவிட்டால் ஒரு வருடம் வைத்தியமே இல்லாமல் இருப்பாரே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயம் பெரும்பாலானவர்களுக்கு இருக்கிறது, ஆனால் உங்கள் விஷயத்தில் அது சரியல்ல. நீங்கள் படிவத்திலிருந்து எடுத்தெழுதிய வரியையே மறுபடி பாருங்கள்: "வழக்கமான சிகிச்சையுடன் கூடுதலாக." அப்பாவின் நான்கு மாத்திரையும் அப்படியே தொடரும். அதற்கு மேல் ஐந்தாவதாக ஒன்று சேரும். அந்த ஐந்தாவது மருந்தாகவும் இருக்கலாம், வெற்றாகவும் இருக்கலாம். சர்க்கரை நோய்க்கென்று வந்த டாபாக்ளிஃப்ளோசின் இதயத்துக்கும் உதவும் என்று 2019இல் நிரூபித்ததும் இப்படித்தான். 4,744 பேரும் தங்கள் வழக்கமான இதய மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே அதில் கலந்துகொண்டார்கள்.

டாக்டருக்குப் பிடித்தவர்களுக்கு நிஜ மருந்து போகும் என்ற சந்தேகமும் வேண்டாம். குலுக்கல் முறை வந்ததே அதைத் தடுக்கத்தான். 1947இல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோது, யாருக்கு ஊசி, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை ஒட்டிய உறைக்குள் வைத்திருந்தார்கள். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்ட 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். அன்றைக்கு அந்த மருந்து எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்குக் கையிருப்பில் இல்லை. அப்படியிருந்தும் ஆள் பார்த்துக் கொடுக்காமல் குலுக்கிக் கொடுத்ததால்தான் அந்த முடிவை யாராலும் மறுக்க முடியவில்லை.

உங்கள் அப்பா சேர்ந்தால் அவருக்கு எது கிடைத்தது என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உடம்பை வைத்து ஊகிக்காதீர்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திவிட்ட 60 பேருக்கு, சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. ஸ்டாட்டின் சாப்பிட்ட மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்திருந்தது. வலி நிஜம்தான், காரணம்தான் வேறு.

பிறகு யார்தான் கவனிப்பார்கள்? பெரிய ஆய்வுகளில் வெளியாட்கள் அடங்கிய ஒரு கண்காணிப்புக் குழு இருக்கும். அவர்கள் மட்டும் இடையிடையே கணக்கைத் திறந்து பார்ப்பார்கள். தாளம் சீராக்கும் மருந்துகள் ஆளைக் கொல்கின்றன என்று 1989இலேயே கண்டு நிறுத்தச் சொன்னது அப்படிப்பட்ட கண்காணிப்புத்தான். பிசோப்ரோலால் ஆய்வையும் முன்கூட்டியே முடித்தார்கள். அங்கே காரணம், பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டது. உங்கள் படிவத்தில் அப்படி ஒரு குழு பற்றிய வரி இருக்கிறதா பாருங்கள்.

நான்கு பக்கப் பட்டியல்

பட்டியல் நீளமாக இருப்பது கெட்ட சகுனம் இல்லை. முந்தைய ஆய்வுகளில் யாருக்கு எது வந்தாலும், மருந்தால்தான் வந்தது என்று உறுதியாகாவிட்டாலும், எழுதி வைப்பார்கள். எத்தனை பேருக்கு வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நீளமான பட்டியலில் முக்கியமானது புதைந்துபோகும் என்பது உண்மை. ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒன்றில் நான் பல வருடம் இருந்தேன். ஒருமுறை வந்த படிவத்தில் "மூளையில் ரத்தக்கசிவு" என்ற இரண்டு வார்த்தை, தலைவலிக்கும் வாய் உலர்வதற்கும் நடுவே, 19ஆம் பக்கத்தில் இருந்தது. அதை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவந்தால்தான் அனுமதி என்று திருப்பி அனுப்பினோம். அதனால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இதில் உயிருக்கு ஆபத்தானது எது, இதுவரை எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?"

உங்கள் கணவர் 2006இல் லண்டனில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். டி.ஜி.என்.1412 என்ற மருந்து, விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500இல் ஒரு பங்குதான். ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு அதைச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செலுத்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேரும் மோசமானார்கள், பிறகு உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தது பெரிய ஆறுதல். அது முதல் கட்டம், ஒரு மருந்து மனித உடலில் முதன்முதலாக நுழைந்த நாள். அப்பாவைக் கேட்டிருப்பது மூன்றாம் கட்டம். அவருக்கு முன்பே பலர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார்கள். ஆபத்து குறைவு. இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த ரத்தம் எங்கே போகும்?

அப்பாவின் கையிலிருந்து இரண்டு மூன்று குழாய் ரத்தம் எடுப்பார்கள். அதை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அதைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி, விரல் நுனி அளவுக் குப்பிகளில் நிரப்பி, பெயருக்குப் பதில் கோடு கோடான ஒரு முத்திரையை ஒட்டி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குள் வைப்பார்கள். பத்து வருடம் கழித்து யாருக்காவது ஒரு புதுக் கேள்வி தோன்றினால் அந்தக் குப்பியை எடுத்துத் தேடலாம். ஆய்வுலகத்துக்கு அது பொக்கிஷம்.

ஆனால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலேயே செல்களை எடுத்தார்கள். அவர் அதே வருடம் இறந்துபோனார். அந்தச் செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசி ஆய்வு முதல் எத்தனையோ வேலைகளுக்கு உதவின. அவர் குடும்பத்துக்கோ இருபது வருடத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது.

பல ஆய்வுகளில் சேமிப்புக்கும் மரபணு ஆய்வுக்கும் தனிக் கட்டம் இருக்கும். மருந்து ஆய்வுக்குச் சரி, சேமிப்புக்கு வேண்டாம் என்று டிக் செய்யலாம். உங்கள் படிவத்தில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இது ஒன்றில் மட்டும் உங்களுக்கும் தம்பிக்கும் பேச இடமுண்டு. அப்பாவின் மரபணுவில் பாதி உங்களிடம் இருக்கிறது. பரம்பரையாக வரக்கூடிய ஏதாவது தெரியவந்தால் சொல்வார்களா, சொல்வதை அப்பா விரும்புகிறாரா என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

மாட்டார், கோபித்துக்கொள்ளக் கூடாது. சேர்ந்தாலும் சேராவிட்டாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான கவனிப்பில் எந்தக் குறையும் இருக்காது என்று படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். விலகுவதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை. ஆனால் மாத்திரையைத் தானாகச் சட்டென்று நிறுத்தாமல், சொல்லிவிட்டு நிறுத்துவது அப்பாவின் உடம்புக்கு நல்லது. அதுவரை சேர்ந்த தகவல்கள் பெரும்பாலும் கணக்கில் இருக்கும், அதற்குப் பிறகு புதிதாக எடுக்க மாட்டார்கள்.

டாக்டருக்கு இங்கே இரண்டு வேடம் என்பதும் உண்மைதான். அப்பாவின் வைத்தியரும் அவர்தான், ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவரும் அவர்தான். நல்லவராகவே இருந்தாலும் இந்த இழுபறி இருக்கும். அதனால் ஆய்வில் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரிடம், நீங்கள் வழக்கமாகக் காய்ச்சலுக்குப் போகிறவரிடமே கூட, படிவத்தைக் காட்டிப் பேசுங்கள். யாராவது நிஜமாகவே முகம் சுளித்தால், நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் எண் படிவத்தில் இருக்கும். அது இதற்காகத்தான் இருக்கிறது, தயங்காமல் கூப்பிடுங்கள்.

நான் என்ன நினைக்கிறேன்

தேவையான நான்கு மருந்தும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டு, உடல்நிலை ஒரே சீராக இருக்கும் ஒருவர், கூடுதலாக ஒரு மாத்திரை சேர்க்கும் மூன்றாம் கட்ட ஆய்வில் கலந்துகொள்வது நியாயமான தேர்வு. அடிக்கடி பார்ப்பார்கள், அடிக்கடி பரிசோதிப்பார்கள், அது சிலருக்குத் தெம்பு, சிலருக்கு அலைச்சல். அப்பாவுக்கு எது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் இப்போது சாப்பிடும் மாத்திரை எதையாவது நிறுத்தச் சொன்னாலோ, சமீப வாரங்களில் கால் வீக்கமும் மூச்சு வாங்கலும் கூடிக்கொண்டே போனாலோ, சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்துகொண்டிருந்தாலோ, நான் வேண்டாம் என்பேன். முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

டாக்டரிடம் கேட்க இன்னும் சில உண்டு. ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? மருந்து நல்லது என்று தெரிந்தால் ஆய்வு முடிந்த பிறகு அப்பாவுக்குத் தொடர்ந்து கிடைக்குமா? முடிவை அவருக்குச் சொல்வார்களா? பொதுப் பதிவேட்டில் இந்த ஆய்வின் பதிவு எண் என்ன? 2005 முதல் முக்கியமான மருத்துவ இதழ்கள் முன்கூட்டிப் பதிவு செய்யாத ஆய்வுகளை வெளியிடுவதில்லை, அதனால் எண் இல்லை என்றால் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, ஆய்வில் இருப்பவர் என்று சொல்லும் அட்டை ஒன்று தருவார்கள். அதை எப்போதும் அப்பாவிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். நான் இரவுப் பணியில் இருந்தபோது மயங்கிய நிலையில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி உறைக்குள் நான்காக மடித்த அட்டை ஒன்று இருந்ததை நர்ஸ்தான் கண்டுபிடித்தார். அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டோம். அவர் சாப்பிடுவது மருந்தா வெற்று மாத்திரையா என்பதை அவசரத்துக்காகத் திறந்து பார்த்து, இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஏற்றபடி சிகிச்சையை மாற்ற முடிந்தது.

மூன்று வாரம் இருக்கிறது, தாராளமாகப் போதும். ஒரே மூச்சில் 24 பக்கத்தைத் தள்ளிவிடாமல், அப்பாவோடு உட்கார்ந்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு பக்கம் படியுங்கள். அவருக்குக் கண் சிரமமாக இருந்தால் நீங்கள் வாசியுங்கள், எதையும் தாண்டிப் போகாமல். முடிந்ததும், எதற்காக இந்த ஆய்வு, அவருக்கு என்னென்ன நடக்கும், வேண்டாம் என்றால் எப்படி விலகுவது என்று அவரையே அவர் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை டாக்டரிடம் அவரே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அப்போதும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள். இன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த ஒரு காரணத்துக்காகவே படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.